ஆக்கிரமித்த நாட்டின் அறப்பொறுப்பு: கொரியாவில் ஜப்பானிய ஆட்சியும் மொழியும்

முன்னுரை

ஒரு நாடு இன்னொரு நாட்டைப் படைவலியால் கைப்பற்றி ஆளும்போது நிலமும் வளமும் பறிபோகின்றன, உயிர்கள் மடிகின்றன. அவ்வாட்சி அகன்றபின் இழப்பீடு பற்றிய பேச்சு எழுகிறது. இழப்பீடு தரப்பட்ட பின்னரும் பல இடங்களில் வழக்கு முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்னும் வினாவுக்குக் கொரியாவின் வரலாறு தெளிவானதொரு விடையைத் தருகிறது. 1910 முதல் 1945 வரை 35 ஆண்டுகள் கொரியா ஜப்பானின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1965-இல் ஜப்பானுக்கும் தென் கொரியாவுக்கும் இடையே உடன்படிக்கை ஏற்பட்டது; பணமும் வழங்கப்பட்டது. எனினும் அரை நூற்றாண்டு கடந்த பின்னும் இச்சிக்கல் நீதிமன்றங்களிலும் அரசுகளுக்கிடையிலும் மீண்டும் மீண்டும் தலைதூக்கியது. நடந்த செயலைச் செய்தவர் யார் என்று ஐயமின்றிச் சொல்லும் வாக்கியம் கிட்டாமையே இதன் அடிப்படை எனலாம். கொரிய மொழி அடைந்த துன்பத்தையும், பின்னர் ஜப்பானிய அரசு கூறிய வருத்தச் சொற்களின் அமைப்பையும் ஒருசேர நோக்கும்போது இது புலனாகும்.

ஒப்பந்தத்தின் எழுவாய்

1905 நவம்பரில் அரண்மனையைப் படைவீரர் சூழ்ந்திருந்த நிலையில் பெறப்பட்ட ஒப்பந்தத்தால் கொரியா ஜப்பானின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டது. அதனை எதிர்த்து 1907-இல் ஹேக் நகருக்குத் தூதரை அனுப்பிய மன்னர் கோஜோங் அரியணை துறக்குமாறு செய்யப்பட்டார். 1910 ஆகஸ்டு 22-ஆம் நாள் இணைப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஒரு வாரம் கழித்து அறிவிக்கப்பட்டது.

இவ்வொப்பந்தத்தின் தொடரமைப்பு கருதத்தக்கது. அதன் முதற்கூறு, கொரியப் பேரரசர் தம் இறையாண்மை உரிமைகள் அனைத்தையும் ஜப்பானியப் பேரரசருக்கு முழுமையாகவும் நிலையாகவும் அளிப்பதாகச் சொல்கிறது. இரண்டாம் கூறு, ஜப்பானியப் பேரரசர் அதனை ஏற்பதாகச் சொல்கிறது. 'கொடுத்தார்' என்னும் வினைக்கு எழுவாய் நாட்டை இழந்தவர். பறித்தவரோ வெறும் 'ஏற்றவர்'. படைவலி என்னும் கருவி வாக்கியத்தில் இடம்பெறவே இல்லை. ஆக்கிரமிப்பின் பொறுப்பு எழுத்தளவில் அன்றே இடம் மாறிவிட்டது. பின்வந்த வழக்குகள் பலவற்றின் வித்து இங்கேயே உள்ளது.

மொழியின் பெயரும் மக்களின் பெயரும்

நாட்டுமொழி என்று பொருள்படும் சீன எழுத்துகள் இரண்டினைக் கொரியர் 'குகோ' என்றும் ஜப்பானியர் 'கொகுகோ' என்றும் ஒலிப்பர். 1910 வரை கொரியாவில் அச்சொல் கொரிய மொழியைக் குறித்தது. இணைப்புக்குப் பின் அது ஜப்பானிய மொழிக்கு உரியதாயிற்று. கொரியமோ 'சோசன் மொழி' என்று ஒரு வட்டார மொழியைப் போலச் சுட்டப்பட்டது. இலக்கண அறிஞர் ஜு சி-கியோங் 1910-இல் 'நாட்டுமொழி இலக்கணம்' என்ற பெயரில் வெளியிட்ட நூல், 1911-இல் 'சோசன் மொழி இலக்கணம்' என்ற பெயரிலேயே மீண்டும் வெளிவந்தது. ஓராண்டு இடைவெளியில் ஒரு நூலின் தலைப்பில் நேர்ந்த இம்மாற்றம் ஒரு நாட்டின் நிலையை முழுமையாகக் காட்டுகிறது.

1911-ஆம் ஆண்டுக் கல்வி ஆணை ஜப்பானியத்தைப் பள்ளிகளின் முதன்மை மொழியாக்கியது. 1938-ஆம் ஆண்டு ஆணை கொரியத்தை விருப்பப் பாடமாக மாற்றியது. நடைமுறையில் அது பள்ளிகளிலிருந்து மறையலாயிற்று. 1940 ஆகஸ்டில் 'டோங்-ஆ இல்போ', 'சோசன் இல்போ' என்னும் இரு பெரும் கொரிய நாளிதழ்களும் மூடப்பட்டன.

அதே 1940-இல் பிப்ரவரி 11 முதல் ஆறு மாதங்களுக்குள் ஒவ்வொரு குடும்பமும் ஜப்பானிய முறையில் குடும்பப் பெயர் பதிய வேண்டுமென்னும் ஆணை நடைமுறைக்கு வந்தது. தனிமனிதர் தம் இயற்பெயரை மாற்றிக்கொள்வது சட்டத்தின் சொற்படி விருப்பத்துக்குரியதே. ஆனால் காலக்கெடு முடிவதற்குள் குடும்பங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் பதிவு செய்திருந்தனர். பள்ளியும் காவல் துறையும் அலுவலகங்களும் கொடுத்த அழுத்தமின்றி இவ்வளவு பெரிய எண்ணிக்கை அவ்வளவு குறுகிய காலத்தில் ஏற்பட்டிருக்க இயலாது. 'கொடுத்தார்' என்ற 1910-ஆம் ஆண்டு வினைச்சொல்லும், 'விரும்பிப் பதிந்தார்' என்ற 1940-ஆம் ஆண்டு வினைச்சொல்லும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை.

இரண்டு அகராதிகள்

ஜப்பானிய ஆட்சி கொரிய மொழியை முற்றிலும் புறக்கணித்தது என்று கூறுவது பொருந்தாது. தலைமை ஆளுநரின் அலுவலகமே 1920-இல் கொரிய அகராதியொன்றை வெளியிட்டது. ஷிம்பேய் ஓகுரா போன்ற ஜப்பானிய மொழியறிஞர் கொரியத்தின் பழம்பாடல்களை ஆழ்ந்து ஆராய்ந்தனர். ஆயினும் அரசு வெளியிட்ட அகராதியில் கொரியச் சொற்களுக்கு ஜப்பானியத்திலேயே பொருள் தரப்பட்டது. ஆள்வோர் ஆளப்படுவோரை அறிந்துகொள்ளும் கருவியாக அது அமைந்தது.

கொரியத்துக்குக் கொரியத்திலேயே பொருள் கூறும் பேரகராதி ஒன்றை உருவாக்கக் கொரிய அறிஞர் 1929-இல் குழு அமைத்தனர். கொரிய மொழிக் கழகம் 1933-இல் எழுத்துமுறையை ஒருமைப்படுத்தியது; 1936-இல் பொதுச்சொற்களை வரையறுத்தது. அகராதிப் பணி முற்றுப்பெறும் வேளையில், 1942 அக்டோபரில் கழகத்தார் கைதாகத் தொடங்கினர். இவ்வழக்கில் சிக்கியவர்கள் 33 பேர். அகராதி தொகுத்தலும் விடுதலை இயக்கத்தின் ஒரு வடிவமே என்பது அவர்கள் மீது சாட்டப்பட்ட குற்றம். யி யூன்-ஜே 1943-இலும், ஹான் ஜிங் 1944-இலும் சிறையில் இறந்தனர். யி குக்-ரோவுக்கு ஆறாண்டும் சோய் ஹியோன்-பேவுக்கு நான்காண்டும் தண்டனை விதிக்கப்பட்டது.

வழக்கின் சான்றுப் பொருளாகக் கைப்பற்றப்பட்ட அகராதிக் கையெழுத்துப்படி காணாமற்போயிற்று. விடுதலைக்குப் பின், 1945 செப்டம்பரில் அது சியோல் தொடர்வண்டி நிலையத்துச் சரக்குக் கிடங்கொன்றில் கண்டெடுக்கப்பட்டது. முதல் தொகுதி 1947-இல் வெளிவந்தது. ஆறு தொகுதிகளும் 1957-இல் நிறைவுற்றன. சிறையில் மடிந்த இருவரும் அதனைக் காணவில்லை.

இழப்பீட்டின் எல்லை இங்கே தெரிகிறது. கொண்டுசெல்லப்பட்ட நெல்லுக்கு விலை கணக்கிடலாம். இழந்த கூலிக்கும் கணக்குப் பார்க்கலாம். தாய்மொழியில் எழுதப் பழகாமல் பள்ளி முடித்த ஒரு தலைமுறைக்கு எந்தத் தொகையை ஈடாக வைப்பது?

'ஏற்கெனவே' என்னும் சொல்

இரு நாடுகளுக்குமிடையே பேச்சுவார்த்தை 1950-களில் தொடங்கியது. 1953 அக்டோபரில் ஜப்பானியத் தரப்பின் தலைவர் குபோத்தா, தொடர்வண்டிப் பாதைகள், துறைமுகங்கள், காடு வளர்ப்பு முதலியவற்றைக் காட்டி, ஜப்பானிய ஆட்சி கொரியாவுக்கு நன்மையும் செய்தது என்று வாதிட்டார். பேச்சு முறிந்தது, 1957-இல் அக்கூற்று திரும்பப் பெறப்பட்ட பின்னரே மீண்டும் தொடங்க வழி ஏற்பட்டது. பாதைகள் போடப்பட்டது உண்மையே. ஆனால் கைப்பற்றிய வீட்டில் சுவர் எழுப்பியவர், அதனைக் காட்டிக் கைப்பற்றியதற்கு நியாயம் கற்பிக்க இயலாது.

1965 ஜூன் 22-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஜப்பான் 30 கோடி டாலர் நன்கொடையாகவும் 20 கோடி டாலர் குறைந்த வட்டிக் கடனாகவும் தர இசைந்தது. இத்தொகையை அது 'பொருளாதார ஒத்துழைப்பு' என்றே குறித்தது. உரிமைக் கோரிக்கைகள் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்தன என்றும் எழுதப்பட்டது. 1910-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அதற்கு முந்தையவையும் 'ஏற்கெனவே' செல்லாதவை என்பது உடன்படிக்கையின் இரண்டாம் கூறு.

இவ்வொரு சொல்லில் இரு நாடுகளும் இரு வரலாறுகளை வாசித்தன. தொடக்கம் முதலே செல்லாதவை என்று கொரியா பொருள் கொண்டது. ஒருகாலத்தில் செல்லுபடியாகி, கொரியா விடுதலை பெற்றபோது செல்லாமற்போயின என்று ஜப்பான் பொருள் கொண்டது. முன்னதன்படி 35 ஆண்டு ஆட்சி சட்டப்புறம்பானது. பின்னதன்படி சட்டத்துக்கு உட்பட்டது. இருவரும் கையெழுத்திட வேண்டிய தேவையால் தேர்ந்தெடுக்கப்பட்ட பொருள்மயக்கம் இது.

அம்மயக்கத்தின் விலையைக் கொடுத்தவர்கள் எளிய மக்கள். போர்க்காலத்தில் ஜப்பானிய ஆலைகளில் கட்டாய வேலை செய்தோர் தொடுத்த வழக்கில், காலனி ஆட்சி சட்டப்புறம்பானது என்ற அடிப்படையில் தென் கொரிய உச்சநீதிமன்றம் 2018 அக்டோபரில் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. 1965-இலேயே அனைத்தும் தீர்ந்துவிட்டது என்று ஜப்பானிய அரசு மறுத்தது. வழக்குத் தொடுத்த நால்வருள் தீர்ப்பு நாளில் உயிருடன் இருந்தவர் ஒருவரே.

வருத்தத்தின் இலக்கணம்

1984-இல் கொரிய அதிபரை வரவேற்ற பேரரசர் ஹிரோஹிதோ, இரு நாடுகளுக்கும் இடையே ஒரு காலத்தில் துன்பமான கடந்தகாலம் இருந்தது வருந்தத்தக்கது என்றார். இங்குக் 'கடந்தகாலம்' எழுவாய், 'இருந்தது' பயனிலை. செய்தவரும் இல்லை, பட்டவரும் இல்லை. 1990-இல் பேரரசர் அகிஹிதோ, தம் நாட்டால் விளைந்த துன்பம் என்று கூறியபோது செய்தவர் தென்பட்டார். 1995 ஆகஸ்டு 15-இல் தலைமை அமைச்சர் முராயாமா, தம் நாடு காலனி ஆட்சியாலும் ஆக்கிரமிப்பாலும் ஆசிய நாட்டு மக்களுக்குப் பெருந்துன்பம் இழைத்தது என்று கூறி மன்னிப்புக் கோரினார். 1998-இல் கிம் டே-ஜுங், ஓபுச்சி இருவரும் வெளியிட்ட கூட்டறிக்கையில், துன்பப்பட்டவர் கொரிய மக்கள் என்பது பெயர் சுட்டி எழுத்தில் இடம்பெற்றது. 2010 ஆகஸ்டில் தலைமை அமைச்சர் நவோதோ கான், கொரியர் தம் விருப்பத்துக்கு மாறாக ஆளப்பட்டு நாட்டையும் பண்பாட்டையும் இழந்தனர் என்று அறிவித்தார். 'கொடுத்தார்' என்ற 1910-ஆம் ஆண்டு வாக்கியம் நூறாண்டுகளுக்குப் பின் இவ்வாறு திருத்தம் பெற்றது. எனினும் அவ்வொப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாதது என்று அவ்வறிக்கை கூறவில்லை. அறிவிப்பைத் தொடர்ந்து, அரச விழாக்களின் பதிவேடுகள் உள்ளிட்ட 1,205 நூல்கள் 2011-இல் கொரியாவுக்குத் திரும்பின.

ஜப்பானியம், கொரியம், தமிழ் ஆகிய மூன்றிலும் எழுவாயை விட்டுப் பேசுவது இயல்பு. எனவே எழுவாய் இல்லாமை தானாகவே குற்றமாகாது. ஆனால் மன்னிப்பில் எழுவாய் தோன்றா எழுவாயாக நிற்குமானால், அங்கே மறைந்திருப்பது பொறுப்பே ஆகும்.

பின்வந்தோரின் பொறுப்பு

போருக்குப் பின் பிறந்தோர் எவ்வாறு பொறுப்பாவர் என்னும் வினா நேர்மையானது. வரும் தலைமுறைகள் மன்னிப்புக் கோரிக்கொண்டே இருக்கும் நிலை கூடாது என்று 2015-இல் தலைமை அமைச்சர் அபே கூறினார். கடந்தகாலத்தை நேர்நின்று நோக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கூறினார். குற்றம் தனிமனிதருடையது, அது பிள்ளைகளுக்கு இறங்குவதில்லை. ஆனால் அரசு தொடர்ந்து நிலைக்கும் அமைப்பு. அதன் சொத்தும் பெருமையும் வழிவழி வருமெனில் அதன் கடனும் அவ்வாறே வரும். இவ்வகையில் பின்வந்தோரின் முதற்கடமை, நடந்ததைத் தம் பிள்ளைகளுக்கு உள்ளவாறு கற்பிப்பது.

ஜப்பானியருள் சிலர் இதனைச் செய்துகாட்டினர். வரலாற்றறிஞர் சபுரோ இயேனகா, தம் பாடநூலில் போர்க்காலக் கொடுமைகள் பற்றிய பகுதிகளை அரசு தணிக்கை செய்ததை எதிர்த்து 1965 முதல் 1997 வரை 32 ஆண்டுகள் வழக்காடினார். தன் நாட்டை நேசிப்பவரே அதன் தவற்றையும் எழுதிவைக்க வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

முடிவுரை

ஆக்கிரமித்த நாட்டின் அறப்பொறுப்பு மூன்று படிகளை உடையது: செய்ததைச் செய்தவர் தம் பெயரால் கூறுதல், கொண்டுசென்றதைத் திருப்பித் தருதல், தன் மக்களுக்கு அதனைக் கற்பித்தல். முதற்படி இன்றி இரண்டாம் படி 'ஒத்துழைப்பு' எனப் பெயர் பெறும்; மூன்றாம் படி நிகழவே நிகழாது. இவ்வளவுகோல் ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. பிறர் மண்ணை ஆண்ட எந்நாட்டுக்கும் பொருந்தும். கொரிய அறிஞர் தம் சொற்களைத் தம் மொழியிலேயே விளக்கியதற்காகச் சிறை சென்றனர். அவர்களைச் சிறையிட்ட நாடு தன் செயலைத் தன் மொழியில் மயக்கமின்றிச் சொல்வதே அக்கடனைத் தீர்ப்பதன் தொடக்கமாகும்.