ஊரைச் சுமந்த பெயர்கள்

தஞ்சை ஜில்லாவின் சங்கீத வித்துவான்கள் தங்கள் பெயருக்கு முன்னே ஊரின் பெயரைத் தரித்துக்கொண்ட வழக்கத்தை வெறும் ஜன்மஸ்தலக் குறிப்பென்று கொள்வோர், அவர்களுள் சிலர் அந்த ஊரில் பிறந்தவரே அல்லர் என்பதைக் கவனிப்பதில்லை. 1908-இல் திருக்கோடிகாவலில் பிறந்து, பிடில் மேதையான தாய்மாமன் கிருஷ்ணையரின் இல்லத்தில் சிறுபிராயத்தின் ஆரம்பத்தைக் கழித்த ஸ்ரீநிவாசையர், மாமன் காலமானபின் பெற்றோரின் கிராமமான செம்மங்குடி சேர்ந்து, அந்தப் பெயராலேயே கீர்த்தி பெற்றார்.

இதனினும் நுட்பமானது நாகஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் சரித்திரம். 1898-இல் திருமருகலில் பிறந்த அவரை வளர்த்த தாய்மாமன் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கியும் திருமருகலின் பெயரையே சுமந்தார். மருமகனோ வளர்ந்த ஊரான திருவாவடுதுறையின் பெயரைச் சுமந்தார். கோயில் பூஜாகாலங்களில் ஒலித்த நாகஸ்வரமும், மடத்தின் வித்வத் சம்பிரதாயமும் சூழ வளர்ந்த பாலகனே பின்னாளில் தோடி ராகத்தை அத்தனை விஸ்தாரமாக வாசித்தான் என்கையில், அந்த வாசிப்பையும் அந்த ஊரையும் வேறுபடுத்திக் காண என் மனம் ஒப்பவில்லை.

பிற்காலத்தில் ஊர்ப்பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கிற்று. 1916-இல் மதுரையில் பிறந்து, தாயின் வீணையும் பாட்டியின் பிடிலும் ஒலித்த வீட்டில் வளர்ந்த எம். எஸ். சுப்புலட்சுமியின் முதலெழுத்து மதுரைக்கும், அடுத்தது தாய் சண்முகவடிவுக்கும் உரியன.