கம்பியில்லாப் பற்றவைப்பு: வாணவேடிக்கை திரியிலிருந்து ரிமோட்டுக்கு வந்த வரலாறு

பட்டாசின் திரிக்குக் கையால் நெருப்பு வைக்காமல், தொலைவில் நின்று வானொலி அலையின் துணையால் கொளுத்தும் முறை கம்பியில்லாப் பற்றவைப்பு எனப்படும். தொடக்கத்தில் தொழில்முறை வாணவேடிக்கைக் குழுக்களிடம் மட்டுமே இருந்த இம்முறை, 21ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வீட்டு முற்றத்தில் பட்டாசு வெடிக்கும் பொதுமக்களின் கைக்கும் வந்துவிட்டது. நெருப்பு வைப்பவர் வெடியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியும் என்பது மிகப் பழைய கேள்வி. அதற்குப் பல காலங்களில் பல விடைகள் கிடைத்துள்ளன.

கைநெருப்புக் காலம்

கருமருந்தின் கலவை விவரங்கள் 1044ஆம் ஆண்டளவில் சீனத்தில் தொகுக்கப்பட்ட 'வூஜிங் சோங்யாவ்' என்னும் போர்க்கலை நூலில் காணப்படுகின்றன. ஐரோப்பாவில் 1540இல் வெளிவந்த இத்தாலியரான பிரிங்குச்சியோவின் 'தெ லா பிரோடெக்னியா' என்ற நூல், ரோம் நகரின் சான்ட் ஆஞ்சலோ கோட்டையில் நடந்த வாணவேடிக்கையை விவரிக்கிறது. அக்காலத்தில் நீண்ட கழியின் நுனியில் கனலும் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆட்களே ஓடி ஓடிப் பற்றவைத்தார்கள். நம் ஊரில் ஊதுபத்தியை நீட்டிப் பிடிப்பதற்கும் அதற்கும் கழியின் நீளத்தைத் தவிர வேறுபாடு அதிகமில்லை.

பல வாணங்களை ஒரே நேரத்தில் கொளுத்த விரைவுத்திரி பயன்பட்டது. கருமருந்துப் பசை பூசிக் காயவைத்த பருத்தி நூல் திறந்த வெளியில் மெதுவாகத்தான் எரியும். அதையே காகிதக் குழாய்க்குள் நுழைத்துவிட்டால், எரியும் இடத்திலிருந்து கிளம்பும் சூடான வாயு குழாய் வழியே முன்னோக்கிப் பாய்ந்து அடுத்த பகுதியையும் பற்றவைத்துவிடும். அப்போது நெருப்பு நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடும். வசதியான கண்டுபிடிப்புதான். ஆனால் ஒரு பொறி தவறான இடத்தில் விழுந்தால், நிறுத்த நேரமே கிடைக்காது.

1749 ஏப்ரல் 27 அன்று லண்டன் கிரீன் பார்க்கில் இது நேரில் தெரிந்தது. எக்ஸ்-லா-ஷப்பெல் சமாதான உடன்படிக்கையைக் கொண்டாட, செர்வன்தோனி என்னும் கலைஞரின் வடிவமைப்பில் பெரிய மரமண்டபம் ஒன்று எழுப்பப்பட்டிருந்தது. ஹேண்டல் அதற்கென்றே இசை அமைத்திருந்தார். நிகழ்ச்சியின் நடுவில் மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்தது. தன் படைப்பு எரிவதைக் கண்ட செர்வன்தோனி, வாணவேடிக்கைக்குப் பொறுப்பாயிருந்த சார்லஸ் ஃபிரெடரிக் மீது வாளை உருவினார். அதற்காகக் கைது செய்யப்பட்டு, மன்னிப்புக் கேட்டபின் விடுவிக்கப்பட்டார். அடுத்த தலைமுறையில், 1770 மே 30 அன்று பாரிசில் நடந்தது பெருந்துயரம். பட்டத்து இளவரசர் லூயி (பின்னாளில் பதினாறாம் லூயி), மரி அந்துவானெத் திருமணத்தை ஒட்டிய வாணவேடிக்கையின்போது கூட்டம் நெரிந்து 132 பேர் இறந்ததாக அரசுக் கணக்குச் சொல்கிறது.

பிக்ஃபோர்டின் கயிறு

திரியின் வேகத்தைக் கணக்கிட வழி செய்தவர் வாணக்காரர் அல்லர். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்த தோல் வணிகரான வில்லியம் பிக்ஃபோர்டு என்பவரே அவர். அங்கிருந்த தகர, செம்புச் சுரங்கங்களில் வைக்கோல் தண்டிலும் வாத்து இறகின் காம்பிலும் கருமருந்தை அடைத்துத் திரியாகப் பயன்படுத்தினார்கள். அது எப்போது சட்டென ஓடும், எப்போது நடுவில் நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது. அணைந்துவிட்டது என்று எண்ணித் திரும்பிப் போனவர்கள் செத்தார்கள். 1831இல் பிக்ஃபோர்டு காப்புரிமை பெற்ற பாதுகாப்புத் திரி, நடுவில் மெல்லிய கருமருந்து இழையும் சுற்றிலும் முறுக்கிய சணல் நூலும் கொண்டது. ஓர் அடி எரிய ஏறத்தாழ 30 நொடி ஆகும். ஆகவே எவ்வளவு நீளம் வெட்டினால் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை முதன்முறையாகக் கணக்குப் போட முடிந்தது. இந்தக் கயிறு காத்த உயிர்களுக்குக் கணக்கில்லை. கண்டுபிடித்தவரோ 1834இல் மறைந்துவிட்டார்.

இன்று மேலைநாட்டுப் பட்டாசுகளில் காணப்படும் பச்சைநிற 'விஸ்கோ' திரி இந்தப் பரம்பரையைச் சேர்ந்ததே. கருமருந்து இழை மீது நூல் சுற்றி, மேலே நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவில் பொதுமக்களுக்கு விற்கும் பட்டாசின் திரி குறைந்தது 3 நொடியும் அதிக அளவாக 9 நொடியும் எரிய வேண்டும் என்பது கூட்டரசு விதி. மூன்று நொடிக்குக் குறைந்தால் விலகி ஓட நேரமிராது. ஒன்பதைத் தாண்டினால், அணைந்துவிட்டதோ என்று ஆள் திரும்பி வந்து குனிந்து பார்ப்பார். கார்ன்வால் சுரங்கத் தொழிலாளி செய்த அதே தவறுதான்.

மின்சாரம் வந்தது

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1751ஆம் ஆண்டளவிலேயே மின்பொறியால் கருமருந்தைக் கொளுத்திக் காட்டினார். ஆனால் பயனுள்ள முறையாக அது மாறியது, மெல்லிய கம்பியில் மின்னோட்டம் பாய்ச்சிப் பழுக்கக் காய்ச்சும் உத்தி வந்த பிறகே. 1830களில் அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் ஹேர் இதைச் செய்தார். 1839இல் பிரிட்டிஷ் இராணுவப் பொறியாளர் சார்லஸ் பாஸ்லி, கடலில் மூழ்கிக் கிடந்த 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பலின் சிதைவுகளை மின்சாரத்தால் வெடிவைத்து அகற்றத் தொடங்கினார். 1843 ஜனவரியில் இருப்புப்பாதைக்காக டோவர் அருகே ஒரு சுண்ணாம்புப் பாறை முகட்டை 8 டன்னுக்கும் மேற்பட்ட கருமருந்தால் சரித்தபோதும் மின்கல அடுக்குகளே பயன்பட்டன. 1885இல் நியூயார்க் துறைமுகத்தின் ஃபிளட் ராக் பாறையைத் தகர்த்தபோது, பொறுப்பு அதிகாரி ஜான் நியூட்டனின் மகளான சிறுமி மேரி ஒரு விசையை அழுத்தினாள். 130 டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்து வெடித்தது. அவ்வளவு பெரிய வெடிப்பை ஒரு குழந்தையின் விரல் செய்ய முடிந்தது என்பதை அக்காலத்தவர் வியந்து பேசினர்.

சுரங்கத்திலும் படையிலும் பழகிய இந்த உத்தி பின்னர் வாணவேடிக்கைக்கு வந்தது. அதன் அடிப்படைப் பொருள் மின்தீக்குச்சி: இரண்டு செம்புக் கம்பிகளின் நுனியை முடிபோன்ற மெல்லிய தடைக்கம்பி இணைக்கும், அதன்மேல் தீக்குச்சி மருந்து போன்ற கலவை பூசப்பட்டிருக்கும். தொடக்கக் கருவிகள் எளிமையானவை. பலகையில் வரிசையாக ஆணி அடித்து ஒவ்வோர் ஆணிக்கும் ஒரு வாணத்தின் கம்பியை இணைத்திருப்பார்கள். மின்கலத்தின் மறுமுனைக் கம்பியை ஆணி ஆணியாகத் தொட்டுக்கொண்டு போனால் வாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். பிறகு பொத்தான் பெட்டிகளும், 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கணினியும் அந்த இடத்தைப் பிடித்தன.

கம்பிமுறையின் குறை ஓம் விதியில் இருக்கிறது. மின்தீக்குச்சியின் தடை 1.5 ஓம், நீண்ட கம்பியின் தடை 4.5 ஓம் என்று கொள்வோம். 12 வோல்ட் மின்கலம் 6 ஓம் தடையின் வழியே 2 ஆம்பியர் அனுப்பும், குச்சி எரிந்துவிடும். கம்பியை நீட்டி அதன் தடை 22.5 ஓம் ஆகிவிட்டால் கிடைப்பது அரை ஆம்பியர்தான். அப்போது சில குச்சிகள் எரியும், சில எரியா. தொலைவு கூடக் கூட ஆளுக்குப் பாதுகாப்பு மிகும், ஆனால் நெருப்பு நிச்சயமற்றதாகும். கம்பியில் யாராவது தடுக்கி விழுவதும் வண்டி ஏறி நசுக்குவதும் தனிக்கதை.

வானொலி: முதலில் எதிரி, பிறகு துணைவன்

நிக்கோலா டெஸ்லா 1898இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சிறு படகு ஒன்றை வானொலி அலையால் இயக்கிக் காட்டினார். ஆனால் வெடிமருந்துத் தொழிலில் இருந்தவர்கள் நெடுங்காலம் வானொலியைக் கண்டு அஞ்சினார்கள். காரணம் உண்டு. மின்தீக்குச்சியின் இரு கம்பிகளும் விரிந்து கிடந்தால் அவையே ஆன்டெனாவாக மாறி, அருகிலுள்ள அலைபரப்பியிலிருந்து மின்னோட்டத்தைப் பெறக்கூடும். பாறை தகர்க்கும் இடங்களில் 'வாக்கி டாக்கியை அணைக்கவும்' என்ற பலகை வைப்பது இதனால்தான். பயன்படுத்தும் வரை இரு கம்பி முனைகளையும் ஒன்றாக முறுக்கி வைக்கும் பழக்கமும் இதனால் வந்ததே.

எனவே கம்பியில்லா அமைப்பில் வானொலி அலை நேரடியாக எதையும் கொளுத்துவதில்லை. அலை சுமந்து வருவது செய்தி மட்டுமே. வாணங்களின் அருகில் தன் சொந்த மின்கலத்துடன் இருக்கும் அலைவாங்கிப் பெட்டி அச்செய்தியைப் படித்து, குறிப்பிட்ட முனைக்கு மின்னோட்டம் விடுகிறது. மின்கலத்துக்கும் குச்சிக்கும் இடையே சில அடிக் கம்பியே இருப்பதால் மேலே சொன்ன ஓம் விதிச் சிக்கலும் தீர்ந்தது.

பிறகு எழுந்த கேள்வி, பெட்டி யார் சொல்லைக் கேட்கும் என்பது. மலிவான அமைப்புகள் 315 அல்லது 433 மெகாஹெர்ட்சில், கார்ப் பூட்டு ரிமோட்டில் உள்ளவை போன்ற உதிரிப்பாகங்களால் ஆனவை. மாறாத குறியீட்டை அனுப்புபவற்றில், அதே குறியீடு கொண்ட வேறொரு ரிமோட் அருகில் இருந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உயர்ரக அமைப்புகளில் பெட்டியும் பதில் பேசும்: மின்கல அளவு, எந்த முனையில் குச்சி சரியாக இணைந்துள்ளது என்பதையெல்லாம் ரிமோட்டுக்குத் தெரிவிக்கும். இக்கால வானொலிக் கருவிகள் பலவற்றில் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே பேசும் உத்தியும் உண்டு. நடிகை ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைலும் 1942இல் இதே கருத்தில், 88 அதிர்வெண்களுக்கிடையே தாவும் ஏவுகுண்டு வழிகாட்டி முறைக்குக் காப்புரிமை பெற்றார்கள். அக்கருத்தை முதலில் எண்ணியவர்கள் அவர்களே என்று இணையத்தில் சொல்லப்படுவது மிகை.

வீட்டு முற்றத்தில்

மருந்து பூசிய மின்தீக்குச்சியை அமெரிக்காவில் கூட்டரசின் உரிமம் இல்லாதவர் வாங்க இயலாது. ஆகவே பொதுமக்களுக்கென மருந்தே இல்லாத கவ்விகள் வந்தன. துணி உலர்த்தும் கிளிப் போன்ற சிறு பிளாஸ்டிக் கவ்வியின் நடுவே நிக்ரோம் கம்பி இருக்கும். அது திரியைக் கவ்விக்கொள்ள, மின்னோட்டம் பாய்ந்ததும் கம்பி பழுத்து ஓரிரு நொடியில் திரியைப் பற்றவைக்கும். பட்டாசுத் திரியின் 3 முதல் 9 நொடித் தாமதம் அப்படியே இருப்பதால், பாட்டின் தாளத்துக்கு ஏற்ப வாணம் எழும்பவேண்டும் என்று ஆசைப்படும் புதியவர்கள் முதலில் ஏமாந்து போவார்கள்.

புதிதாகத் தொடங்குவோர் முதல் நாள் பட்டாசே இல்லாமல் வெறும் கவ்விகளை மட்டும் இணைத்து, ஒவ்வொரு முனையும் வேலை செய்கிறதா என்று பார்ப்பது வழக்கம். மல்டி ஷாட் பெட்டிகள் கவிழாதபடி மணல்மூட்டையோ பலகையோ முட்டுக்கொடுப்பார்கள். அலைவாங்கிக்கு உயிர்கொடுக்கும் சாவி, கடைசி ஆளும் விலகிய பிறகே திருப்பப்பட வேண்டும். அச்சாவியை வேலை செய்பவர் தம் பையிலேயே வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். வெடிக்காததை மீண்டும் கொளுத்தக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்து, குறைந்தது 20 நிமிடம் கழித்தே அருகில் சென்று தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

இந்தக் கவனம் வீணல்ல. கொரோனாத் தொற்றால் பொது நிகழ்ச்சிகள் பலவும் நின்றுபோய் மக்கள் வீட்டிலேயே வெடித்த 2020இல், பட்டாசுக் காயத்துக்காக அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்தவர்கள் சுமார் 15,600 பேர், இறந்தவர்கள் 18 பேர் என நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிட்டது. ஆண்டுதோறும் அதிகம் காயம்படுவது கையும் விரல்களும். கம்பியில்லா முறை முதலில் விலக்குவது அந்தக் கையைத்தான்.

விலக்க முடியாதவை

2011 நவம்பரில் ஸ்காட்லாந்தின் ஓபன் ஊரில் அரைமணி நேரம் நடக்கவேண்டிய வாணவேடிக்கை ஒரு நிமிடத்துக்குள் மொத்தமாக வெடித்து முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 4 அன்று சான் டியாகோ விரிகுடாவிலும் அதுவே நடந்தது. கணினிக் கட்டளைக் கோப்பில் நேர்ந்த கோளாறால் எல்லா மிதவைகளிலும் இருந்த வாணங்கள் அரை நிமிடத்துக்குள் எழும்பின. இரு இடத்திலும் உயிர்ச்சேதம் இல்லை, ஏனெனில் வாணங்களின் அருகே ஆள் இல்லை. பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றம். ஆனால் அதே தவறு கைநெருப்புக் காலத்தில் நடந்திருந்தால் நிலைமை வேறு.

மறுபக்கமும் உண்டு. 2016 ஏப்ரல் 10 அதிகாலையில் கேரளத்தின் கொல்லம் மாவட்டம் புற்றிங்கல் கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பட்டாசின் பொறி சேமிப்புக் கொட்டகையில் விழுந்ததே காரணம். அங்கே ரிமோட் இருந்திருந்தாலும் பயனில்லை. குவித்து வைத்த மருந்துக்கும் கூட்டத்துக்கும் இடையே போதிய தூரம் இல்லாமற்போனதே அங்கு நேர்ந்த குறை. அந்த இடைவெளியை மின்னணுக் கருவி எதுவும் உண்டாக்கித் தராது. நாடாப் பிடித்து அளந்துதான் விடவேண்டும்.