ஒரு டொலருக்கு விலைபோன ஆக்கவுரிமை

நீரிழிவு நோயைப் பண்டைய வைத்தியரும் நன்கறிந்திருந்தனர். ஆனால் நோயை அறிந்த அளவிற்கு மருந்தை அறிந்தாரில்லை. 1922-ஆம் ஆண்டுக்கு முன், இந்நோய்வாய்ப்பட்ட சிறுவர்க்கு வைத்தியர் விதித்தது பெரும்பாலும் பட்டினியே. பட்டினி மரணத்தைச் சிறிது காலம் தள்ளிப்போட்டது, தடுக்கவில்லை.

நாயின் சதையியை அகற்றினால் அதற்கு நீரிழிவு உண்டாகுமென்பதை மின்கோவ்ஸ்கி, மேரிங் என்போர் 1889-இல் கண்டனர். அதன்பின் சதையியின் சாற்றிலிருந்து மருந்தெடுக்கப் பலர் முயன்றனர். பெர்லின் வைத்தியரான சூல்சர் 1912-இல் தமது சாற்றுக்கு அமெரிக்காவில் ஆக்கவுரிமைப் பத்திரமும் பெற்றார். ஆயினும் அச்சாற்றை நோயாளர் உடல் தாங்கவில்லை. பத்திரம் கிடைத்தது, மருந்து கிடைக்கவில்லை.

1921-ஆம் ஆண்டுக் கோடையில், கனடாவின் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மக்லவுட்டின் ஆய்வுகூடத்தில் பான்ரிங் என்னும் சத்திரவைத்தியரும் பெஸ்ட் என்னும் இளைஞரும் ஆராய்ச்சியைத் தொடங்கினர். 1922 ஜனவரி 11-ஆம் நாள், பதினான்கு வயதுச் சிறுவன் லெனாட் தொம்சனுக்கு அவர்களுடைய சாறு ஊசிமூலம் ஏற்றப்பட்டது. பயன் சொற்பம், ஊசியேற்றிய இடத்தில் கட்டியும் உண்டாயிற்று. சாற்றில் மருந்து இருந்தது. மருந்தோடு கழிவும் கலந்திருந்தது.

இவ்விடத்திலேதான் கொலிப் என்னும் உயிரிரசாயன அறிஞரின் கைவண்ணம் தெரிந்தது. சதையியிலுள்ள பொருள்கள் யாவும் மதுசாரத்தில் ஒரே அளவாகக் கரைவன அல்ல. மதுசாரத்தின் செறிவைப் படிப்படியாக உயர்த்தினால் தேவையற்ற புரதங்கள் முதலிலே வீழ்படிவாகிவிடும். இன்சுலின் இன்னும் கரைசலிலேயே நிற்கும். செறிவு ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியதும் அதுவும் வீழ்படிவாகும். ஜனவரி 23-ஆம் நாள் இத்தூய சாறு அச்சிறுவனுக்கு ஏற்றப்பட்டபோது அவன் சிறுநீரில் சர்க்கரை அநேகமாக மறைந்தது. மேலும் பதின்மூன்று ஆண்டுகள் அவன் உயிர்வாழ்ந்தான்.

இனி உரிமை யாருக்கு? ஆராய்ச்சியாளரிடையே பிணக்கு இருந்தது. எனினும் தனித்தனியே ஆக்கவுரிமை தேடுவதில்லையென அம்மாதமே உடன்பாடு செய்தனர். பின்னர் மனம் மாறியதற்குக் காரணம் பேராசையன்று. தாம் பதிவு செய்யாவிடின் வேறொருவர் பதிந்து, மருந்தைத் தம் தனியுடைமையாக்கக் கூடுமென அஞ்சினர். பூட்டைப் பிறர் போடாதிருக்கத் தாமே திறப்பைக் கையில் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு அது. வைத்தியர் மருந்துக்கு உரிமை கொண்டாடுதல் முறையன்றெனப் பான்ரிங் முதலில் விலகி நின்றார். அவர் பெயரின்றிப் பத்திரம் செல்லாதுபோகலாமென்பதால் பின்பு இணங்கினார். 1923 ஜனவரியில் மூவரும் தலைக்கு ஒரு டொலர் பெற்று, உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஒப்படைத்தனர்.

அவர்கள் அஞ்சியது வீண் அச்சமன்று. பேரளவில் மருந்து செய்ய எலி லில்லிக் கம்பெனி 1922-இல் ஒப்பந்தம் செய்திருந்தது. அக்கம்பெனியின் இரசாயனியான வால்டன், கரைசலின் அமிலத்தன்மையைச் சரியான அளவில் நிறுத்தினால், இன்சுலின் துணிக்கையிலுள்ள நேர், எதிர் மின்னேற்றங்கள் சமப்பட்டு அது தானாகவே வீழ்படிவாகுமென்று கண்டார். முன்னையதினும் மிகத் தூய மருந்து இம்முறையாற் கிடைத்தது. கம்பெனி இதற்குத் தனி ஆக்கவுரிமை கோரியதும் ரொறன்ரோவில் கவலை மூண்டது. நல்ல வேளையாக, சென் லூயிஸ் நகரிலும் அறிஞர் சிலர் இதே முறையைத் தாமாகவே கண்டிருந்தமை ரொறன்ரோவின் கையை வலுப்படுத்தியது. பின்னர் வேறு அமெரிக்கக் கம்பெனிகளுக்கும் உற்பத்தி அனுமதி வழங்கப்பட்டது.

இவ்வளவுக்கும், பத்திரத்தில் ஒப்பமிட்ட மூவரும் தாம் பிரித்தெடுத்த பொருளின் அமைப்பை அறியார். 1955-ஆம் ஆண்டளவில் கேம்பிரிட்ஜில் சங்கர் என்பார், இன்சுலினைத் துண்டுதுண்டாக்கி, வடிதாளிற் பிரித்துப் படித்து, அது 51 அமினோவமிலங்கள் கொண்ட இரு சங்கிலிகளென நிறுவி முடித்தார். அதைக் காணப் பான்ரிங் இருக்கவில்லை. 1941-இல் விமான விபத்தில் மாண்டிருந்தார். பெஸ்டும் கொலிப்பும் இருந்தனர்.