சரிவை உரசிப் பறந்தவர்கள்

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு விமானப்படை கூடாது என்றது வெர்சாய் ஒப்பந்தம். எஞ்சின் விமானம் கட்டவும் தடைகள் வந்தன. பறக்கும் பித்துப் பிடித்த இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? 1920இல் ரோன் மலைத்தொடரின் 950 மீட்டர் உயர வாசர்குப்பே உச்சியில், எஞ்சினே இல்லாத கிளைடர்களோடு போட்டிக்குக் கூடிவிட்டார்கள்.

மொட்டை மலை அது. சரிவில் மோதும் காற்று மேல்நோக்கித் திரும்பும். அந்த ஏறுகாற்று சரிவை ஒட்டித்தான் கிடைக்கும். விலகினால் கிளைடர் இறங்கிவிடும். நெருங்கினால் இறக்கை தரையில் இடிக்கும். வேகம் குறைந்து தூக்குவிசை போய்விட்டாலோ, சுதாரித்துக்கொள்ளக் கீழே உயரமே இருக்காது. முதல் போட்டியிலேயே ஆய்கன் ஃபான் லோசல் விழுந்து இறந்தார்.

ஆனாலும் யாரும் விடவில்லை. அந்த ஆண்டு கிளெம்பரர் காற்றில் நின்றது இரண்டு நிமிடம் சொச்சம். 1922இல் ‘வாம்பயர்’ கிளைடரில் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்தைத் தாண்டினார். சில நாட்களில் ஹென்ட்சன் மூன்று மணி நேரத்தை!

பாராசூட்டும் தாழ்வில் கைகொடுப்பதில்லை. 1932இல் அதே மலையில், புறப்படும்போதே சுக்கான் பழுதான கிளைடரிலிருந்து குந்தர் க்ரோன்ஹாஃப் குதித்தார். குடை விரிய உயரம் போதவில்லை. அந்த ஆண்டுக்குள், கிளைடரின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் வேரியோமீட்டர் வந்திருந்தது. கெட்டிக்காரர்கள் சரிவை விட்டு, மேகங்களுக்கடியில் உயரம் தேடத் தொடங்கியிருந்தார்கள்.