செய்வித்தவனும் வெட்டியவனும்

செஞ்சிப் பக்கத்துத் தளவானூரில், 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் எடுப்பித்த சத்ருமல்லேஸ்வரம் என்னும் குடைவரை இருக்கிறது. மன்னர்களைப் படையால் பணியவைத்த சத்ருமல்லன் இதைச் 'செய்வித்தான்' என்கிறது அங்குள்ள கிரந்தக் கல்வெட்டு. செய்தான் அல்ல, செய்வித்தான், பிறவினை. அப்ப செஞ்சது யாரு? எழுத்து வாய் திறக்கவில்லை. கல் கொஞ்சம் பேசுகிறது.

மாமல்லபுரத்தில் பாதியில் கைவிடப்பட்ட குடைவரைகளைப் பார்த்தால் வெட்டிய முறை விளங்கும். பாறை முகத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, சுற்றிலும் ஆழமாகக் காடி எடுத்து, நடுவில் துருத்தி நிற்பதைத் தட்டி வீழ்த்தியிருக்கிறார்கள். பாறை அழுத்தத்தைத் தாங்கும்; இழுவையை அவ்வளவு தாங்காது. இந்த அறிவு ஏட்டில் அல்ல, மணிக்கட்டில் இருந்தது.

1627இல் ஐரோப்பியச் சுரங்கத்துக்குள் வெடிமருந்து நுழைந்தது. 1867இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். துளை போடு, மருந்தைத் திணி, வெடி, புகை அடங்கியதும் அள்ளு. எடுக்க வேண்டிய கல்லோடு, நிற்க வேண்டிய சுவரும் விரிசல் காணும். கோலார் தங்கவயலில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், அதிலும் தலித்துகள். ஆழத்தின் அழுத்தத்தில் பாறையே வெடித்துச் சிதறியது. துளையிட்ட தூசு நுரையீரலில் படிந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையும் போயிற்று.

வெடி இல்லாமல் வெட்டும் எந்திரம் இன்று உண்டு. அதன் முகத்தில் சுழலும் எஃகுத் தட்டுகள் பாறையை அழுத்தி அடுத்தடுத்துக் காடி போடுகின்றன. இரு காடிகளுக்கு இடையிலான கல் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. பல்லவர் காலத்துக் கல்தச்சனுக்கு இது புதுசா என்ன? ஆனால் கருங்கல்லில் தட்டு சீக்கிரம் தேய்கிறது. தாது ஓட்டத்தின் நெளிவுக்கேற்ப பெரிய எந்திரம் வளையாது. எனவே கடும்பாறைச் சுரங்கங்களில் வெடிதான் 'மலிவு'. அந்தக் கணக்கில் தூசு தின்ற நுரையீரலுக்கு என்ன விலை போட்டார்கள்?

எந்திரம் வந்தாலே விடுதலை என்றும் சொல்ல முடியாது. அதுவும் தூசு கிளப்பும்; ஆளையும் குறைக்கும். உளியா, வெடியா, எந்திரமா என்பதை வெட்டுகிறவன் என்றைக்காவது தீர்மானித்தானா? தளவானூர்க் கல்வெட்டின் பிறவினை இன்னும் தன்வினை ஆகவில்லை.