முயலின் சாட்சியம்

தல்லாகுளத்திலிருந்து இறங்கி, கோரிப்பாளையம் தாண்டிப் பனகல் சாலையில் ராஜாஜி ஆஸ்பத்திரியைக் கடக்கும்போது எனக்கு முயல்களின் ஞாபகம் வருவதுண்டு. பெரியவர்கள் அதை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொல்லி வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் நெடுங்காலம் ஏற்றப்பட்டு வந்த மருந்து ஸ்ட்ரெப்டோகைனேஸ். இருதய நாளத்தை அடைக்கும் ரத்தக் கட்டியை அது கரைக்கும். அமெரிக்காவில் டில்லெட், கார்னர் என்ற இருவர் 1933ல் இதன் மூலத்தைக் கண்டார்கள். தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒருவகைக் கிருமி, மனித ரத்தக் கட்டியை நீராக்கிவிட்டது. முயலின் ரத்தக் கட்டியோ கரையவே இல்லை! முயலை மட்டும் நம்பியிருந்தால் அந்த மருந்து அன்றே குப்பைக்குப் போயிருக்கும்.

ஆனால் டில்லெட் விடவில்லை. 1952ல் அவரும் ஜான்ஸனும் முயலின் காது நரம்பில் கட்டியை உண்டாக்கி, இந்த மருந்தாலேயே கரைத்துக் காட்டினார்கள். பிறகு மனிதர்களின் முறை வந்தது. 1986ல் இத்தாலியில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த சோதனையில், பதினைந்து லட்சம் யூனிட் ஸ்ட்ரெப்டோகைனேஸ் உயிர்களைக் காத்தது ஐயமற நிரூபணமாயிற்று.

இருதயத்தில் பலித்தது மூளையிலும் பலிக்காதா? பக்கவாதமும் பெரும்பாலும் கட்டி அடைப்பதால் வருவதுதானே! 1985ல் ஜிவின் என்பவர், டி.பி.ஏ. என்ற வேறொரு மருந்து முயல்களின் மூளையைக் காப்பதைக் காட்டினார். 1990ல் அவருடைய கூட்டத்தார் இரண்டு மருந்துகளையும் பக்கவாதம் கண்ட முயல்களில் ஒப்பிட்டார்கள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவற்றில் மூளைக்குள் ரத்தக் கசிவு அதிகமாயிற்று, டி.பி.ஏ. பெற்றவற்றில் ஆகவில்லை.

சாட்சி சொல்லியாகிவிட்டது. ஆனால் 1933ல் தவறான சாட்சி சொன்ன பிராணியல்லவா அது? 1990களின் நடுவில் ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பக்கவாத நோயாளிகளுக்கு அதே பதினைந்து லட்சம் யூனிட் ஏற்றினார்கள். ரத்தக் கசிவாலும் மரணங்களாலும் அச்சோதனைகள் பாதியில் நிறுத்தப்பட்டன.

டி.பி.ஏ.யும் சாது அல்ல. 1995ல் அமெரிக்காவில், மூன்று மணி நேரத்துக்குள் அதைப் பெற்றவர்களில் பலர் ஊனமின்றி எழுந்தார்கள். நூற்றுக்கு ஆறு பேருக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. கட்டியைக் கரைக்கிறதா என்பது ஒரு கேள்வி. ஆளைப் பிழைக்க வைக்கிறதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு முயல் தடுமாறிற்று. இரண்டாவதற்குச் சரியாகவே பதில் சொல்லிற்று என்று நினைக்கிறேன். மனிதர்கள்தாம் அதை மறுபடியும் கேட்டுப் பார்த்தார்கள்.

வீட்டில் யாருக்காவது வாய் கோணி, கை விழுந்துவிட்டால், டாக்டர் முதலில் கேட்பது, "எத்தனை மணிக்கு?" என்றுதான். வீட்டில் கைவைத்தியம் பார்த்து அந்த நேரத்தைப் போக்கிவிடாதீர்கள்.