லீஸ் வீட்டுக் கணக்கு

எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு புது அடுக்குமாடிக் கட்டிடம் எழும்பி நிற்கிறது. அதில் குறைந்த வாடகை வீடுகளுக்கு லாட்டரி என்று வாசலில் பெரிய அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் நடந்து போனபோது பெண் கேட்டாள். "வாடகை வீட்டுக்கு எதுக்குப்பா லாட்டரி?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2003ல் லாட்டரியையே ஒழித்தாயிற்று. இங்கே நியூயார்க்கில் சம்பளச் சீட்டைக் காட்டி, பெயரைக் கொடுத்து, குலுக்கலில் நம்பர் விழுமா என்று ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள்.

அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கி, நான் மைசூரில் போய் நின்றேன். கொசுவத்தி சுற்றுவதற்கு முன்னால் நியூயார்க் கணக்கை முடித்து விடுகிறேன்.

இந்த மாதிரி கட்டிடங்களுக்குப் பணம் வரும் வழிகளில் முக்கியமானது நகரத்தின் கடன் பத்திரம். நியூயார்க்கில் இதற்கென்றே 1971ல் வீட்டு வளர்ச்சிக் கழகம் ஒன்றை ஆரம்பித்தார்கள். கழகம் பத்திரம் வெளியிடும். அந்தப் பணத்தைக் கட்டிடம் கட்டுகிறவருக்குக் கடனாகக் கொடுக்கும். வாடகை வசூலிலிருந்து கடன் அடையும். இதில் சூட்சுமம், பத்திரத்தின் வட்டிக்கு வருமான வரி கிடையாது என்பதுதான். அமெரிக்காவில் 1913ல் வருமான வரிச் சட்டம் வந்த நாளிலிருந்தே மாநில, நகரப் பத்திரங்களின் வட்டிக்கு விலக்கு உண்டு. சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கை வரியாகக் கட்டுகிற பணக்காரருக்கு, வரியோடு வரும் 6 சதவீதமும் வரி இல்லாத 4 சதவீதமும் ஒன்றுதான். அதனால் அவர் 4க்கே சம்மதிக்கிறார்.

10 கோடி டாலர் கடனில் 2 சதவீதம் குறைந்தால் வருஷத்துக்கு 20 லட்சம் டாலர் மிச்சம். கட்டிடத்தில் 250 வீடு என்று வைத்துக் கொண்டால், ஒரு வீட்டுக்கு மாதம் 600 டாலருக்கு மேல். வாடகை குறைவது இங்கிருந்துதான். சும்மா விடமாட்டார்கள். 1986 வரிச் சட்டப்படி, குறைந்தது 20 சதவீத வீடுகள் அந்த வட்டாரத்து நடுமட்ட வருமானத்தில் பாதிக்கு மேல் இல்லாதவர்களுக்குப் போக வேண்டும். அல்லது 40 சதவீத வீடுகள், 60 சதவீதத்துக்கு மேல் இல்லாதவர்களுக்கு. ஒரு மாநிலம் வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஜனத்தொகையை வைத்து உச்சவரம்பும் உண்டு.

இதில் கோடீஸ்வரனுக்கும் ஒரு பங்கு போகிறது என்பது என் வயிற்றெரிச்சல். அவன் கட்டாத வரியை மற்றவர்கள்தானே சுமக்கிறோம்? ஆனாலும் கடன் கொடுப்பவன் பணக்காரன், வீட்டில் குடியிருப்பவன் ஏழை. இந்த வரிசையை மனதில் வைத்துக் கொள்ளுங்கள்.

மைசூரில் இது தலைகீழ்.

1898ல் பெங்களூருக்கு வந்த பிளேக், மைசூரையும் விடவில்லை. ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பழைய ஊரை விரித்துக் கட்ட, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1903ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு அமைந்தது. பம்பாய் டிரஸ்ட் அதற்கு ஐந்து வருஷம் மூத்தது, அதுவும் பிளேக் பெற்ற பிள்ளைதான். லக்ஷ்மிபுரம், சாமராஜபுரம் பக்கம் நடந்தால் அந்தக் காலத்துத் திட்டம் இன்னும் தெரியும். அகலத் தெரு, வீட்டைச் சுற்றிக் காலி இடம், பின்னால் துப்புரவுச் சந்து. அழகான ஊர், சந்தேகமில்லை.

ஆனால் போர்டின் பிரதான வேலை மனை பிரித்துக் கொடுப்பது. மனை வாங்க முடிந்தவர் வீடு கட்டினார். முடியாதவர் அந்த வீட்டின் பின்கட்டில் குடிவந்தார். நம்மூர் ஒண்டுக்குடித்தனத்துக்கு அங்கே வடாரா என்று பெயர். ஒரு முற்றம், வரிசையாக அறைகள், பொதுக் குழாய். 1988ல் போர்டு 'மூடா'வாக மாறிய பிறகும் மனைக்கான மனுக்கள்தான் குவிந்தன. 2024ல் அது நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டதும் மனை ஒதுக்கீட்டு விவகாரத்தில்தான். சென்னை சி.ஐ.டி. நகரின் பெயரில் இருப்பதும் 1947ல் வந்த இதே மாதிரி டிரஸ்ட்தான்.

பொதுக் கடன் வாங்கி வாடகை வீடு கட்டியது என்றால் பம்பாயைச் சொல்ல வேண்டும். 1920ல் தொடங்கிய வளர்ச்சித் துறை, கடன் பத்திரம் போட்டு, பஞ்சுப் பொதிக்கு ஒரு ரூபாய் தீர்வையும் விதித்து, 207 கட்டிடங்களில் சுமார் 16,000 ஒற்றை அறைகளைக் கட்டியது. பி.டி.டி. சால்கள் என்றால் மும்பைவாசிகளுக்குத் தெரியும். நினைத்தது 50,000. கட்டியதிலும் பல அறைகளுக்கு வருஷக்கணக்கில் ஆள் வரவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன். அப்பாவுக்கு மைசூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்காததால் அசோகபுரம் பக்கம் ஒரு பின்கட்டு வீட்டை 1985ல் லீசுக்கு எடுத்தார். கன்னடத்தில் போக்யா, நம்மூரில் போக்கியம், ஒத்தி. 30,000 ரூபாய் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகை கிடையாது. காலி பண்ணும்போது முழுத் தொகையும் திரும்பி வரும். அன்றைக்கு வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். வருஷம் 3,000, மாதம் 250. அதுதான் வாடகை.

அதாவது வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தது எங்கப்பா! பி.எஃப். கடனும் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலியும் சேர்ந்த 30,000. கையில் இருந்தது முத்திரைத்தாளில் எழுதிய ஒரு ஒப்பந்தம், பதிவுகூடச் செய்யவில்லை. 1988ல் அக்கா கல்யாணத்துக்காகப் பணத்தைக் கேட்டோம். வீட்டுக்காரர் மரியாதையான மனுஷர், காபி கொடுத்து உட்கார வைத்தார். "அடுத்த குடித்தனம் வந்து லீஸ் பணம் கொடுக்கட்டும், உங்களுக்குத் தந்துடறேன்" என்றார். எங்கள் பணத்தை முன்கட்டு மாடிக்குப் போட்டிருந்தார். பதினான்கு மாதம் அப்பா நடந்தார். ஒரு நாள் இரவு அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "நாம கடன் குடுத்தவங்களா, கடன் கேக்கப் போறவங்களா?"

இந்தியாவில் நகரப் பத்திரமே வரவில்லையா என்றால், வந்தது. 1997ல் பெங்களூர் மாநகராட்சி மாநில அரசு உத்தரவாதத்தோடு 125 கோடிக்கும், 1998ல் அகமதாபாத் உத்தரவாதம் இல்லாமலே 100 கோடிக்கும் வெளியிட்டன. 1999 பட்ஜெட்டில் வட்டிக்கு வரிவிலக்கு அறிவித்தார்கள். 2005ல் பெங்களூரைச் சுற்றியிருந்த எட்டு ஊர்கள் சேர்ந்து 100 கோடி திரட்டின, வட்டி 6 சதவீதத்துக்கும் கீழே. எல்லாம் குடிநீர், சாக்கடை, சாலை என்றுதான் போயிற்று. அதுவும் அவசியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாடகைக் குடித்தனக்காரன் அந்தப் பட்டியலில் ஏறவில்லை. 2020ல் ஊரடங்கில் தொழிலாளிகள் நடந்தே ஊர் திரும்பிய பிறகுதான், மத்திய அரசு மலிவு வாடகை வளாகங்களுக்கென்று ஒரு திட்டம் கொண்டு வந்தது.

போன வாரம் அப்பாவிடம் தொலைபேசியில் இந்தப் பத்திரக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"பணம் போட்டவனுக்குத் திரும்ப வந்துடுதா?"

"தேதி தவறாம வரும்ப்பா."

"எங்கேருந்து?"

"வாடகையிலேருந்து. சில சமயம் பழைய பத்திரத்தை அடைக்கப் புதுப் பத்திரம் போடுவாங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சிரிப்பு. "அப்போ அடுத்த குடித்தனம் வரட்டும்னு அங்கேயும் சொல்றான். ஆனா தேதி போட்டுச் சொல்றான்."